புலிக்காட்டு வழியே சிங்கக் கேள்விகள்: கொங்குப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, கோயம்புத்தூர்

சிங்கமும் புலியும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொங்கு நாட்டுக் காடுகளைச் சுற்றப் போகிறோம். மேற்கிலும் வடக்கிலும் மலைகளெல்லாம் புலி. சிங்கம் என்றால் கோயில் வாகனமும் தூண் சிற்பமும்தான். சிங்கமே இல்லாத நாட்டில் எதற்கு இந்தக் கேள்வி என்று தோன்றும். சிங்கத்துக்கும் புலிக்கும் பிறக்கும் கலப்புக் குட்டியான லைகரைப் பற்றி வரும் வீடியோக்கள் எல்லாமே கூண்டிலிருந்து தொடங்கிக் கூண்டிலேயே முடிகின்றன. புலி தன் காட்டில் எப்படி வாழ்கிறது, எதைத் தின்கிறது, யாரை ஒதுக்குகிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் பாதிக் கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

கோவையில் சிங்கத்தை நேரில் பார்க்க இப்போது வழியில்லை. வ.உ.சி. பூங்கா விலங்குக்காட்சி சாலையின் அங்கீகாரம் 2022இல் போய்விட்டது. சிங்கம், புலி இரண்டையும் ஒரே வளாகத்தில் பார்க்க வேண்டுமென்றால் வண்டலூருக்கு ரயிலேற வேண்டும். ஆர்.எஸ்.புரம் பக்கம் வனக் கல்லூரி வளாகத்தில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1902இல் தொடங்கியது. மர வகைகளுக்குத்தான் பேர்போனது என்றாலும் பதப்படுத்திய விலங்குகளும் உண்டு. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

உறவுமுறையை முதலில் சொல்லிவிடலாம். சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை ஐந்தும் பாந்தெரா என்ற ஒரே பேரினம். மரபணுவை வைத்துப் பார்த்தால் புலிக்கு மிக நெருங்கிய உறவு பனிச்சிறுத்தை. சிங்கத்துக்கு நெருங்கியவை சிறுத்தையும் ஜாகுவாரும். ஆகவே சிங்கத்தின் நெருங்கிய உறவு கொங்கில் யார் என்று கேட்டால், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் நாயைத் தூக்கிப் போகும் சிறுத்தைதான். புலி கொஞ்சம் தூரத்துச் சொந்தம். இரண்டின் வழிகளும் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 38 தான். குதிரைக்கு 64, கழுதைக்கு 62. எண்ணிக்கையே பொருந்தாத அந்தச் சோடிக்கே கோவேறு கழுதை பிறக்கும்போது, எண்ணிக்கை ஒத்துப்போகும் சிங்கம் புலிக்குக் குட்டி பிறப்பதில் வியப்பில்லை.

தோலை உரித்துவிட்டால் சிங்கத்தையும் புலியையும் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். எலும்பில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையைச் சமதளமான மேசைமேல் வைத்து முன்பக்கம் விரலால் அழுத்துங்கள். அடிப்பக்கம் வளைந்திருப்பதால் சிங்கத்தின் தாடை தொட்டில்போல் ஆடும். புலியின் தாடை பெரும்பாலும் அசையாமல் உட்காரும். அடுத்து, மண்டையின் மேல் மூக்கெலும்பு பின்னால் எதுவரை போகிறது என்று பாருங்கள். புலிக்கு அது பக்கத்து மேல்தாடை எலும்பின் நுனியைத் தாண்டிப் பின்னால் போகும். சிங்கத்துக்கு மேல்தாடை எலும்பின் நுனி அதே மட்டத்திலோ இன்னும் பின்னாலோ நிற்கும். ஒரு அடையாளத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். கூண்டில் வளர்ந்த விலங்குகளின் மண்டை அகன்று உருமாறிப் போகும். குட்டிகளின் எலும்பு முழுதாக வளர்ந்திருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு.

நாளைக் காலை பொள்ளாச்சி.

திங்கள், டாப்ஸ்லிப்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் ஏற வேண்டும். சேத்துமடைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளை எடுத்துவிடுவார்கள். மேலே வனத்துறை வண்டியில்தான் காட்டைச் சுற்ற முடியும். சொந்த வண்டியை நிறுத்திவிட வேண்டும். முதல் சுற்று வண்டியே நல்லது. வெயில் ஏறினால் மானும் மறைவில் படுத்துவிடும்.

ஆனைமலை 2007இல் புலிகள் காப்பகமானது. இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் புலியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். அதில் ஏமாற்றமடைய எதுவுமில்லை, புலியின் பிழைப்பே அப்படித்தான். தேக்கும் மூங்கிலும் ஈட்டியும் நிறைந்த இந்தக் காட்டில் கண் முப்பது அடிக்கு மேல் போகாது. புலி தனியாக, மறைந்திருந்து, மிக அருகில் நெருங்கிப் பாய்கிற வேட்டைக்காரன். அதன் கோடுகள் இந்த வெளிச்சத்துக்கென்றே அமைந்தவை. கூட்டமாக வேட்டையாடினால் இங்கே லாபமில்லை. ஒரு புள்ளிமானை நான்கு பேர் பங்கிட்டால் யாருக்கும் வயிறு நிறையாது. நான்கு பேர் நடந்தால் சருகுச் சத்தத்தில் இரை ஓடிவிடும்.

வளர்ந்த புலி ஆண்டுக்குச் சுமார் ஐம்பது பெரிய இரைகளைக் கொல்லும். அதைத் தொடர்ந்து தாங்க அந்த இடத்தில் ஏறக்குறைய ஐந்நூறு குளம்புள்ள விலங்குகளாவது இருக்க வேண்டும் என்பது தென்னிந்தியக் காடுகளில் நடந்த ஆய்வுகளின் கணக்கு. பெண்புலி தனக்கென்று ஒரு எல்லையைப் பிடித்துக்கொண்டு வேறு பெண்புலியை உள்ளே விடாது. ஒரு ஆண்புலியின் எல்லைக்குள் இரண்டு மூன்று பெண்புலிகளின் எல்லைகள் அடங்கும். அந்தப் பெண்புலிகளுக்குப் பிறக்கிற குட்டிகளுக்கெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே ஆண்தான் தகப்பன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லைகர் ஏன் அவ்வளவு பெரிதாக வளர்கிறது என்பதற்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. ஆசனூர் போனதும் சொல்கிறோம்.

இரண்டு பெரிய பூனைகள் ஒரே காட்டில் எப்படி ஒத்துப்போகின்றன என்பதற்கு இங்கேயே கண்முன் பாடம் இருக்கிறது: புலியும் சிறுத்தையும். கூட்டாளியாகச் செந்நாயும். புலி கடமான், காட்டெருமை என்று பெரிய உடலைத் தேடும். சிறுத்தை புள்ளிமான், கேளையாடு, மந்தி என்று சின்னதற்கு இறங்கிவிடும். செந்நாய் பகலில் கூட்டமாக ஓடும். புலி வரும் தடத்தைச் சிறுத்தை தவிர்க்கும், கொன்ற இரையை மரத்தில் ஏற்றும், புலி அடர்ந்திருந்தால் காட்டு ஓரத்துக்கும் ஊர்ப்பக்கமும் நகர்ந்துவிடும். நேரில் மாட்டினால் புலி சிறுத்தையைக் கொல்லும். ஆகவே இதைச் சமாதானம் என்று சொல்ல முடியாது. சின்னது பெரியதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது, அவ்வளவுதான். சிங்கத்துக்கும் புலிக்கும் இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. இரண்டும் பெரிய இரையையே தேடும். யார் ஒதுங்குவது?

செவ்வாய், உடுமலை, காங்கேயம் வழியே

நீண்ட பேருந்துப் பயணம், குறிப்பு சுருக்கம்தான்.

கொங்கு நாட்டில் ஊர் ஓரங்களிலும் கோயில் வளாகங்களிலும் புலிக்குத்திக் கற்கள் நிறைய உண்டு. மாட்டுப் பட்டியைக் காக்கப் புலியோடு மோதி இறந்தவனுக்கு நட்ட நடுகல். ஒரு கையில் ஈட்டியோ வாளோ இருக்கும். எதிரே பின்காலில் எழுந்து நிற்கும் புலி. சில கற்களில் கோடுகளையும் வெட்டியிருப்பார்கள், சிலவற்றில் உடல் வெறுமையாக இருக்கும். வெறும் உடலைப் பார்த்துச் சிங்கமோ என்று ஐயப்பட வேண்டாம். பிடரி இல்லை, வால் நுனியில் குஞ்சமும் இல்லை. கோயில் தூணில் சிங்கம் செதுக்கிய சிற்பி பிடரியை விடவே மாட்டான். அதுவே நல்ல அளவுகோல்.

கல்லைக் காண விரும்புபவர்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். பலவற்றுக்கு இன்றும் பூசை நடக்கிறது. எழுத்து தெரிய வேண்டுமென்று கல்லில் சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள். சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் நின்று படமெடுத்தாலே பள்ளம் மேடு தெரிந்துவிடும்.

புதன், பன்னாரி, திம்பம்

சத்தியமங்கலத்தைத் தாண்டிப் பன்னாரி அம்மன் கோயிலோடு சமவெளி முடிகிறது. அங்கிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். 2022இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரவில் இந்தச் சாலை அடைப்பு. சரக்கு வண்டிகளுக்கு மாலையிலேயே தடை. காருக்கும் இரவு 9 மணிக்கு மேல் அனுமதியில்லை. மலைமேல் தங்குவதாக இருந்தால் நாலு மணிக்குள் பன்னாரி சாவடியைத் தாண்டிவிடுங்கள். ஒரு லாரி வளைவில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் போய்விடும். வழியில் இறங்கக் கூடாது. குரங்குக்கு எதையும் போடக் கூடாது. போட்டால் குரங்கு சாலைக்கு வரும், குரங்கைத் தேடிச் சிறுத்தை வரும், சிறுத்தை வண்டியில் அடிபடும்.

அம்மனுக்குச் சிங்க வாகனம். இதே மலைத்தொடரின் வடக்கே மாதேஸ்வரனுக்குப் புலி வாகனம். கொங்கில் சிங்கமும் புலியும் சண்டையில்லாமல் இருக்கிற ஒரே இடம் சாமி படம்தான்.

“ஏனுங்க, சிங்கம் வேணும்னா கோயிலுக்குள்ள போய்ப் பாருங்க. காட்டுல தேடுனா புலிதானுங்க சிக்கும்” என்று சாவடிக்காரர் ஒருவர் சிரித்தார். சுருக்கமாகச் சரியாகச் சொல்லிவிட்டார்.

காலடித் தடம் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது, பரப்பு சுமார் 1,408 சதுர கிலோமீட்டர். புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்கான பன்னாட்டு விருது 2022இல் கிடைத்தது. எப்படி எண்ணுகிறார்கள்? பழைய முறை தடம் பார்ப்பது. ஈர மண்ணில் நல்ல தடம் கிடைத்தால் நான்கு விரல் அளவு உயரமுள்ள அட்டை வளையத்தை அதைச் சுற்றி நட்டு, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். நேராகத் தடத்தின்மேல் கொட்டினால் விரல் விளிம்பு உடையும். வளையத்தின் ஓரத்தில் ஊற்றித் தானாகப் பரவ விட வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் தூக்க வேண்டும். முன்னங்கால் தடம் பின்னங்காலைவிட அகலம். ஆணின் பின்னங்கால் தடம் சதுரத்துக்குப் பக்கம், பெண்ணுடையது சற்று நீளவாக்கு. அகலம் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் சிறுத்தை, இல்லையென்றால் புலிக்குட்டி.

இந்த முறை எங்கே தவறுகிறது? உலர்ந்த புழுதியில் தடம் விரியும். சரிவில் நீளும். களிமண் காயும்போது சுருங்கும். ஒரே புலி மூன்று புலியாகத் தெரியும். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005இல் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் நாடு முழுக்கத் தானியங்கிக் கேமராவுக்கு மாறினார்கள்.

கேமரா வைப்பதிலும் நுணுக்கம் உண்டு. தடத்தின் இருபக்கமும் ஒவ்வொன்று, முழங்கால் உயரத்தில். புலியின் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் வேறு வேறு என்பதால் ஒரே பக்கப் படம் போதாது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் பிளாஷ் மற்றதன் படத்தைக் கெடுத்துவிடும். கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். கிழக்கு மேற்காகப் பார்த்தால் காலை மாலை வெயில் லென்ஸில் அடிக்கும். முன்னால் இருக்கும் புல்லை அறுக்காவிட்டால் காற்றுக்கு ஆடும் புல்லையே இரவெல்லாம் எடுத்து மெமரி கார்டு நிரம்பிவிடும். யானை மிதிப்பது தனிக் கணக்கு. 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 306 புலிகள். 2018இல் 264 இருந்தன.

சிங்கத்துக்கு இந்தக் கோட்டு வித்தை செல்லாது. மீசை முளைக்கும் புள்ளி வரிசை, காது வெட்டு, தழும்பு ஆகியவற்றை வைத்துக் குஜராத்தின் கிர் காட்டில் அடையாளம் காண்கிறார்கள். காலடித் தடத்தை வைத்து மட்டும் இது சிங்கம், இது புலி என்று பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

வியாழன், பவானிசாகர், மாயாற்றுப் பள்ளத்தாக்கு

மேலே நின்று மாயாற்றுப் பக்கம் பார்த்தால் காடு என்ற நினைப்பே மாறும். உடைமுள், வெளிர்ந்த புல், இடையிடையே திறந்தவெளி. வெளிமான் மேய்கிறது, கழுதைப்புலி உண்டு, கழுகு உண்டு. தெங்குமரஹாடா ஊருக்கு ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும், வனத்துறை அனுமதியும் வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் நாள்கணக்கில் தொடர்பு அறும். அதைத் தெரிந்துகொண்டு திட்டமிடுங்கள்.

குஜராத்தின் கிர் காட்டுப் படத்தையும் இந்த இடத்தின் படத்தையும் பக்கத்தில் வைத்தால் பலருக்கு வேறுபாடு தெரியாது. பரப்பும் ஏறக்குறைய ஒன்றே. கிர் தேசியப் பூங்காவும் சரணாலயமும் சேர்ந்து சுமார் 1,412 சதுர கிலோமீட்டர். அப்படியானால் சிங்கம் ஏன் இங்கே இல்லை? நர்மதைக்குத் தெற்கே சிங்கம் வாழ்ந்ததற்கு நம்பத்தக்க வரலாற்றுப் பதிவு கிடையாது. வடக்கே கதை வேறு. அரியானா, டெல்லிச் சுற்றுப்புறம், ராஜஸ்தான், மத்திய இந்தியா, கிழக்கே பீகார் பக்கம் வரை சிங்கம் இருந்தது. அங்கெல்லாம் புலியும் இருந்தது. ஒரே மாவட்டத்தில் இரண்டையும் வேட்டையாடியிருக்கிறார்கள்.

அப்போது அவை சேர்ந்து வாழ்ந்ததா என்று கேட்டால், ஒரே நாட்டில் வாழ்ந்தன, ஒரே புதரில் வாழவில்லை என்பதே சரி. புலி ஆற்றோர நாணல், அடர் காடு, மலைப்பள்ளம் என்று நிழலைப் பிடித்தது. சிங்கம் வெட்டவெளிப் புல்லும் முள்காடும். ஈரானிலும் அப்படியே, வடக்கே காஸ்பியன் கடலோரக் காட்டில் புலி, தெற்கே வறண்ட பக்கம் சிங்கம். துப்பாக்கி வந்தபோது இந்த வேறுபாடுதான் சிங்கத்தைக் கவிழ்த்தது. திறந்தவெளியில் கூட்டமாகப் படுத்திருப்பதைச் சுடுவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியச் சிங்கம் கிர் காட்டில் மட்டும் என்றாகிவிட்டது. ஜூனாகத் நவாபுகள் வேட்டையைக் கட்டுப்படுத்தியதால்தான் அதுவும் மிஞ்சியது. சிங்கத்தைப் புலி அடித்து விரட்டியது என்று இணையத்தில் உலவும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள். பாதிக்கு மேற்பட்டவை கிர் காட்டுக்கு வெளியே, வயல்காட்டிலும் மாந்தோப்பிலும் கடற்கரையிலும். புலியால் இது முடியாது. கூட்டத்தில் இன்னொன்றைப் பொறுத்துக்கொள்ளும் குணம் சிங்கத்துக்கு இருப்பதால் ஊருக்குள்ளும் நெருக்கிப் பிடித்துக் கிடக்கிறது.

எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதில் ஆபத்து உண்டு. 2018 செப்டம்பர், அக்டோபரில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. பலவற்றில் நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாவது வீடு வேண்டும் என்பது பழைய யோசனை. 1957இல் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபா சரணாலயத்தில் மூன்று சிங்கங்களை விட்டார்கள். பதினொன்றாகப் பெருகி, 1965க்குள் காணாமல் போயின. பிறகு மத்தியப் பிரதேசத்தின் குனோ. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சிங்கத்தை அனுப்பச் சொன்னது. சிங்கம் போகவில்லை. 2022இல் சிவிங்கிப்புலி (சீட்டா) போய் இறங்கியது. குனோவைப் பற்றி நடந்த வாதங்களில் ஒன்று ராஜஸ்தானின் ரண்தம்பூர் புலிக்காட்டிலிருந்து அங்கே புலி நடந்து வந்துவிடும் என்பது. வந்தும் இருக்கிறது. சிங்கக் கூட்டம் நிலைபெறும் முன்பே குட்டிகளோடு திரியும் சிங்கத்தைப் புலி சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்மாதிரி கிடையாது. 2019 பிப்ரவரியில் குஜராத்தின் மகிசாகர் மாவட்டத்தில் ஒரு புலி கேமராவில் பதிவானது. அதே மாதம் செத்துக் கிடந்தது. சிங்கத்தின் எல்லை அங்கிருந்து வெகுதூரம் என்பதால் சந்திப்பு நடக்கவே இல்லை.

வெள்ளி, ஆசனூர்

இரவு ஒன்பதுக்குப் பிறகு சாலைச் சத்தம் அடங்கிவிட்டது. திங்கட்கிழமை சொன்ன பாக்கியைத் தீர்க்க நல்ல நேரம். இன்றைய பதிவு நீளம்.

ஆண்சிங்கமும் பெண்புலியும் சேர்ந்தால் லைகர். ஆண்புலியும் பெண்சிங்கமும் சேர்ந்தால் டைகான். 1824இல் இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சுற்றிய ஒரு காட்சிக்கூடத்தில் பிறந்த குட்டிகளை வின்ட்சரில் அரசர் நான்காம் ஜார்ஜுக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இது புது வித்தை அல்ல, இருநூறு வருடப் பழசு. காட்டில் பிறந்ததாக ஒரு பதிவுகூட இல்லை.

கூண்டில் எப்படி நடக்கிறது? குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்க்க வேண்டும். தன் இனத்துச் சோடி கண்ணில் படக் கூடாது. பெண் சூட்டுக்கு வரும் சில நாள்களில் இரண்டும் ஒரே அடைப்பில் இருக்க வேண்டும். இப்படியெல்லாம் இருந்தும் பெரும்பாலான சோடிகள் கூடுவதில்லை. சைகை பொருந்தாதது ஒரு காரணம். புலி நட்பாக நெருங்கும்போது மூக்கால் ‘ப்ஃப்ர்ர்’ என்று ஊதும். சிங்கத்துக்கு அந்த ஒலி கிடையாது. தலையை உரசித்தான் உறவு சொல்லும். தப்பாகப் புரிந்துகொண்டால் அடி விழும். 2011இல் துருக்கியின் அங்காரா விலங்குக்காட்சி சாலையில் இடைவேலிச் சந்து வழியாகப் புலி அடித்த ஒரே அடியில் சிங்கம் செத்தது. மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2001இல் மீட்ட ஒரு சிங்கம், ஒரு புலி, ஒரு கரடி மூன்றும் குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்ததால் பல ஆண்டுகள் ஒரே அடைப்பில் கிடந்தன. எது யாரை ஜெயிக்கும் என்ற விவாதத்துக்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் போதும்.

இப்போது உருவம். வங்கப் புலியில் ஆண் 180 முதல் 260 கிலோ, இந்திய ஆண்சிங்கம் 160 முதல் 190. லைகர் இரண்டையும் தாண்டிவிடும். அமெரிக்காவின் ஹெர்குலிஸ் என்ற லைகர் 418.2 கிலோ, மூக்கிலிருந்து வால்வரை 3.33 மீட்டர், 2013 கின்னஸ் பதிவு. ஆனால் டைகான் பெற்றோர் அளவிலோ கொஞ்சம் சின்னதாகவோ நின்றுவிடும். அதே இரண்டு இனம், யார் தகப்பன் என்பது மட்டும் மாறுகிறது. ஏன் இவ்வளவு வேறுபாடு?

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. சில வளர்ச்சி மரபணுக்கள் தகப்பனிடமிருந்து வந்தால் மட்டும் வேலை செய்யும், சில தாயிடமிருந்து வந்தால் மட்டும். சிங்கக் கூட்டத்தில் ஒரு பெண்ணோடு பல ஆண்கள் கூடலாம். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குக்கூட வேறு வேறு தகப்பன் இருக்கலாம். ஆகவே ஆண்சிங்கத்தின் பக்கம் ‘என் குட்டி பெரிதாக வளரட்டும்’ என்று தள்ளும் மரபணு தேர்ந்து வந்தது. அத்தனையையும் சுமந்தால் தாய்க்குத் தாங்காது என்பதால் பெண்சிங்கத்தின் பக்கம் ‘போதும்’ என்று பிடித்து நிறுத்தும் மரபணு வந்தது. புலிக்கு அந்தப் போட்டி குறைவு. எல்லைக்குள் ஒரே ஆண்தான் என்று டாப்ஸ்லிப்பில் பார்த்தோம். பெண்புலிக்கு அவ்வளவு பலமான தடை தேவைப்படவில்லை. ஆண்சிங்கத்தின் தள்ளுதல், பெண்புலியின் தளர்ந்த தடை இரண்டும் ஒரே குட்டியில் சேர்ந்தால் லைகர். தள்ளுதல் குறைவு, தடை பலம் என்றால் டைகான். வாழ்க்கைமுறை வேறுபாடு அப்படியே உடம்பில் தெரிகிறது.

தோற்றத்தில் லைகர் மணல் நிறம், முதுகிலும் தொடையிலும் மங்கிய கோடு. ஆணுக்குச் சில சமயம் பிடரி வரும், சிங்கம் அளவுக்கு அடர்த்தி இராது. தண்ணீரில் இறங்கி நீந்தும், அது தாய்வழி. கலப்பு என்ற ஐயம் எழுந்தால் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். லைகரைச் சோதித்தால் சுத்தப் புலி என்றே காட்டும். உட்கரு மரபணுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கெடுவது எங்கே என்றால், முதலில் தாய். குட்டி பெரிது என்பதால் பிரசவம் சிக்கலாகி அறுவை தேவைப்படலாம். சிங்கத்தின் சினைக்காலம் சுமார் 110 நாள், புலிக்கு ஒரு வாரம் குறைவு. பிறகு குட்டி: பிறவிக் குறை, இளம் சாவு. வளர்ந்த பிறகு மிதமிஞ்சிய உடல், அதைச் சுமக்கும் மூட்டும் இதயமும் படும் பாடு. ஆண் லைகரும் ஆண் டைகானும் மலடு. கலப்பினத்தில் மலடாவது இருவகைப் பால் குரோமோசோம் உடைய பால்தான் என்று மரபியலாளர் ஹால்டேன் 1922இல் எழுதிய விதி இங்கே பொருந்துகிறது. பாலூட்டிகளில் அது ஆண். பெண்கள் சில சமயம் சினைப்படும்.

அதற்கு நல்ல சான்று நம் நாட்டிலேயே இருந்தது. கொல்கத்தா அலிப்பூர் விலங்குக்காட்சி சாலையில் 1970களில் ருத்ராணி என்ற பெண் டைகான் பிறந்தது. தகப்பன் வங்கப் புலி, தாய் ஆப்பிரிக்கச் சிங்கம். ருத்ராணியை ஓர் இந்தியச் சிங்கத்தோடு சேர்த்ததில் ஏழு குட்டிகள், லி-டைகான் என்றார்கள். அவற்றில் குபனாக்கன் என்பது 363 கிலோ, தோள்வரை 1.32 மீட்டர், 1991இல் இறந்தது. டைகான் சின்னது என்றோமே, அதன் பிள்ளைக்கு எப்படி அந்த உடல்? தகப்பன் மறுபடி சிங்கம் என்பதுதான். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் 2012இல் பெண் லைகருக்கும் சிங்கத்துக்கும் கியாரா என்ற குட்டி பிறந்தது. தாய்க்குப் பால் இல்லாததால் வீட்டுப் பூனையிடம் பால் குடித்தது. இந்தியாவில் 1980களின் நடுவில் இந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. சரியான முடிவு. கூண்டில் ஒரு இடத்தை லைகருக்குக் கொடுத்தால் காட்டுக்கு உதவும் ஒரு இந்தியச் சிங்கத்துக்கு அங்கே இடம் இல்லாமல் போகும்.

சனி, அந்தியூர், பர்கூர்

கண்ணுக்குத் தெரியாத கலப்பு ஒன்று உண்டு, அதுதான் அதிகத் தொந்தரவு. சர்க்கஸ்களில் இந்தியச் சிங்கத்தையும் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் சேர்த்தே வளர்த்தார்கள். அந்தக் குட்டிகள் விலங்குக்காட்சி சாலைகளுக்குப் போயின. 1980களில் மரபணு பார்த்தபோதுதான் ‘இந்தியச் சிங்கம்’ என்று எழுதி வைத்த பலவற்றில் ஆப்பிரிக்க ரத்தம் தெரிந்தது. சண்டிகர் பக்கம் சத்பீர் விலங்குக்காட்சி சாலையில் இருந்த பெரிய கூட்டத்தின் இனப்பெருக்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. லைகரைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். இதைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. சர்க்கஸில் சிங்கம், புலிக்கு 1998இல் தடை வந்தது, 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கோவையிலும் ஈரோட்டிலும் கூடாரத்தில் இரண்டையும் பார்த்த தலைமுறை அதோடு முடிந்தது.

அந்தியூரிலிருந்து மேலே ஏறினால் பர்கூர். செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த மலைமாடு, காட்டிலேயே பட்டி போட்டு மேயும். 2024இல் இந்த மலைகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆயின. சத்தியமங்கலத்துக்கும் காவிரிப் பக்கத்துக் காடுகளுக்கும் நடுவே இணைப்பு. புலி இந்த வழியாகத்தான் நடக்கிறது, மாடும் இந்த வழியில்தான் மேய்கிறது.

கிர் காட்டில் மால்தாரிகள் என்ற மேய்ச்சல்காரர்கள் எருமைகளோடு முள்வேலிக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். சிங்கம் வேலியோரம் கூட்டமாக வந்து மிரட்டிக் கலைக்கும். கலைந்து வெளியே ஓடுவதைப் பிடிக்கும். அங்கே வேலியின் அகலம் முக்கியம். பர்கூரில் பட்டிக்குள் புகுவது பெரும்பாலும் சிறுத்தை; கன்றும் ஆடும் போகும். அதற்குப் பக்கவேலி மட்டும் போதாது, கன்றுப் பட்டிக்கு மேலேயும் மூட வேண்டும். புலி பெரும்பாலும் பட்டிக்கு வருவதில்லை. மேய்ச்சலில் பின்தங்கிய மாட்டைப் பள்ளத்தில் பிடிக்கும். நொண்டி மாட்டையும் சினை மாட்டையும் கூட்டத்தின் நடுவில் ஓட்டுங்கள். பொழுது சாயும் முன்பே ஓடைக்கரையை விட்டுக் கூட்டத்தை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

மாடு செத்துவிட்டால் உடலை இழுக்காமல், தோலை உரிக்காமல், நடந்த இடத்திலேயே விட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். கழுத்துக் கடி, இழுத்த தடம், சுற்றியுள்ள மண் எல்லாம் படத்தில் வர வேண்டும். கால்நடை மருத்துவர் சான்றில் இறந்த காரணம் தெளிவாக இருக்க வேண்டும். இழுத்து ரோட்டோரம் போட்டுவிட்டால் எது கொன்றது என்று நிறுவ முடியாமல் இழப்பீடு நின்றுபோகும். சடலத்தில் மருந்து வைப்பது சட்டப்படி குற்றம். தின்னவரும் புலியோடு செந்நாய், கழுகு எல்லாம் சேர்ந்து சாகும்.

கீழே இறங்கினால் மறுபடி கிணறுகள். கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணற்றில் கிர் பக்கம் சிங்கங்கள் நிறைய விழுந்து செத்ததால் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தார்கள். கொங்கில் விழுவது சிறுத்தையும் மானும். காட்டோரத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இடுப்புயரத்துக்காவது சுவர் கட்டுங்கள். விழுந்துவிட்டால் ஆள் இறங்க வேண்டாம். ஒரு கட்டையையோ பழைய கயிற்றுக் கட்டிலையோ கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டத்தில் மிதக்க விட்டு, கூட்டத்தை விலக்கி வைத்தால் வனத்துறை வரும்வரை அது மூழ்காமல் பிடித்துக்கொண்டு கிடக்கும்.